முதுகே நாற்காலியான நாள்

கேள்வி: அங்கோலாவின் போர் அரசி இன்ஜிங்காவைப் பற்றிப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சரித்திர நாவல் எழுதுகிறேன். அவர் போர்க் கைதிகளை அடிமைகளாக விற்றதையும் படித்தேன். சிறுவர் நூலில் அதை விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள், அம்மா. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்ததே ஒரு சிறுமிதான்.

ஒரு வகுப்பில் 1622ஆம் ஆண்டு லுவாண்டா நகரில் நடந்ததைக் கதையாகச் சொன்னேன். இன்ஜிங்கா அப்போது அரசி இல்லை. அரசரான சகோதரருக்காகத் தூது போனவர். போர்த்துக்கீசிய ஆளுநருக்கு நாற்காலி, இவருக்குத் தரையில் விரிப்பு. இவர் கண்ணசைக்க, பணிப்பெண் கையூன்றி மண்டியிட்டாள். அவள் முதுகில் அமர்ந்து, ஆளுநரின் கண்ணுக்கு நேராகப் பேசினார். கப்பம் கட்டுவது தோற்றவர்களின் வேலை, எங்களுடையது அல்ல என்று மறுத்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒருத்தி மட்டும் கேட்டாள்: "பேச்சு முடியும்வரை அந்த அக்கா அப்படியேவா இருந்தாங்க?"

எனக்கு வாயடைத்துப் போனது. இன்ஜிங்காவின் கடைசிக் காலத்தில் உடனிருந்த இத்தாலியப் பாதிரியார் கவாஸியின் நூல் 1687இல் அச்சானது. அதிலுள்ள படத்தை அன்று மாலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதுவரை அரசியை மட்டுமே பார்த்திருக்கிறேன். அன்றுதான் கீழே இருந்தவளைப் பார்த்தேன். உங்கள் கதையை அவள் சொல்லட்டும். உள்ளங்கையில் அழுந்தும் தரை, தலைக்கு மேலே கேட்கும் அரசியின் குரல், தன் முதுகின் மேல் ஒரு நாட்டின் மானம் நிற்கிற பெருமை, கூடவே வலி. இத்தனையும் பன்னிரண்டு வயதுக்கு நன்றாகவே புரியும்.

1624இல் ஆட்சிக்கு வந்தார், மடம்பா நாட்டை வென்றார், முப்பது ஆண்டுகளுக்கு மேல் போர்த்துக்கீசியரோடு மோதினார், அறுபது வயதிலும் போர்க்களத்தில் நின்றார். வீரத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் தங்கை முகாம்பு போர்த்துக்கீசியரிடம் பத்தாண்டு சிறைப்பட்டிருந்து 1656இல் விடுதலையானபோது, அவருக்கு ஈடாக இன்ஜிங்கா கொடுத்தது மனிதர்களை. அக்காவும் தங்கையும் கட்டிக்கொள்ளும் காட்சியை மனமுருக எழுதுங்கள். தங்கை வந்த அதே வழியில், எதிர்த்திசையில் நடத்திச் செல்லப்பட்டவர்களையும் அந்தப் பணிப்பெண் பார்க்கட்டும். அவர்களில் அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்று இருக்கட்டும். தீர்ப்பை நீங்கள் எழுத வேண்டாம்.

கேள்வி: அவர் பெயரை 'ன்ஜிங்கா' என்று எழுதுவதா, 'இன்ஜிங்கா' என்பதா?

பதில்: இன்ஜிங்கா என்றே எழுதுங்கள். மெய்யெழுத்தில் தொடங்கும் சொல்லைப் பிள்ளைகளின் நாக்கு ஏற்காது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியபடி பிறந்ததால், சுற்றுதல் என்று பொருள்படும் கிம்புண்டு மொழிச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். பணிப்பெண்ணின் பெயரைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. அவளுக்கும் கிம்புண்டுவிலேயே ஒரு பெயர் தேடி வையுங்கள். முதல் பக்கத்திலேயே அது வந்துவிட வேண்டும்.