வள்ளத்துக்கு எந்த பேட்டரி வாங்கலாம்?

கேள்வி: ஃபைபர் வள்ளத்தில் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (கடல் ஆழம் பார்க்கிற கருவி), வயர்லெஸ், லைட் இருக்கு. லாரி பேட்டரி போடலாமா, இன்வெர்ட்டர் பேட்டரி போடலாமா?

ரெண்டும் வேண்டாம். ரெண்டுலயும் காசைத் தொலைச்சவன் நான்.

எங்க வள்ளம் குளச்சல்ல. அவுட்போர்டு எஞ்சினைக் கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணுவோம். ஆக, பேட்டரிக்கு எஞ்சின் பக்கம் வேலையே கிடையாது. இது புரியாம, “லாரியே ஓடுது, வள்ளம் ஓடாதா?”ன்னு கடைக்காரர் கேட்டதும் தலையாட்டிட்டு வாங்கிட்டு வந்தேன். லாரி பேட்டரி செல்ஃப் அடிக்கிறதுக்குன்னே செஞ்சது. சில நொடிக்குள்ள நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயணும்னு உள்ளே மெல்லிசு தகடா நிறைய அடுக்கியிருப்பாங்க. வண்டி ஓட ஓட உடனே சார்ஜும் ஏறிடும். நாம விடிய விடிய கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சுறோம். தினமும் அப்படி அடிமட்டம் வரை இறக்கினா அந்தத் தகடு தாங்காது.

ஒரு வருஷம்கூட ஆகல. ஒரு ராத்திரி வலை விட்டுட்டுக் கிடக்கையில ஜிபிஎஸ் திரை மங்கி அணைஞ்சுது. வயர்லெஸ்ல மத்தவங்க பேசறது கேட்குது, நாம பட்டனை அழுத்தினதும் செத்துப்போகுது. பேசும்போது 5 ஆம்பியர் இழுக்குமே, அதுக்குத் தெம்பில்ல. முட்டம் லைட் ஹவுஸ் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கரை சேர்ந்தோம். 2017 ஒக்கி புயலுக்கு அப்புறம் நம்ம கடப்புறத்துல வயர்லெஸ்ல குரல் வரலைன்னா வீட்டுல என்ன பாடுபடுவாங்கன்னு சொல்ல வேண்டியதில்ல.

அடுத்து டியூபுலர் இன்வெர்ட்டர் பேட்டரி. தகடு நல்லாத் தாங்கும், குறை சொல்ல முடியாது. ஆனா அது வீட்டு மூலையில அசையாம இருக்க வேண்டிய சாமான். 150 ஏஎச்னா (ஏஎச்ங்கிறது ஆம்பியர்-மணி, பேட்டரியோட கொள்ளளவு) 50 கிலோவுக்கு மேல. கரைபிடிக்கும்போது அலை தூக்கி மணல்ல அடிச்ச அடியில மூடி வழியா ஆசிட் கசிஞ்சு, பக்கத்துல கிடந்த நைலான் வலையில இறங்கிடுச்சு. மறுநாள் பிடிச்சு இழுத்தா நூல் கையோட வருது. “லேய் மக்கா, வலையையா ஆசிட்டுக்குத் தின்னக் குடுத்த?”ன்னு அப்பா கேட்டது இன்னும் காதுல நிக்குது.

வாங்க வேண்டியது டீப் சைக்கிள் பேட்டரி, அதாவது கொஞ்சம் கொஞ்சமா ரொம்ப நேரம் உறிஞ்சினாலும் தாங்குற வகை. சைஸுக்கு எங்க கணக்கு இது: ஜிபிஎஸ்ஸும் எக்கோ சவுண்டரும் சேர்ந்து 1.5 ஆம்பியர், எல்இடி லைட் 20 வாட் மொத்தம், அதாவது 1.7, வயர்லெஸ் சும்மா கேட்கையில 0.5. ஆக 3.7. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 44. பேசறதுக்கு ஒரு மூணு சேர்த்தா 47 ஏஎச். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, அதனால 100 ஏஎச். அதுலயும் ஆசிட் சிந்தாத, சீல் பண்ணின ஏஜிஎம் வகை எடுங்க. கடல்தண்ணி ஆசிட்ல கலந்தா குளோரின் வாயு வரும், அது விளையாட்டில்ல.

கையில காசிருந்தா லித்தியம் அயர்ன் பாஸ்பேட். அதுல 80 சதவீதம் வரை தீர்த்துக்கலாம், மேலே சொன்ன கணக்குக்கு 60 ஏஎச் போதும். நான் இப்ப வச்சிருக்கிறது 100 ஏஎச், 12 கிலோதான் வரும். அதே அளவு ஏஜிஎம் 30 கிலோ. தினமும் மணல்ல சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போடுறவனுக்குத்தான் அந்த 18 கிலோவோட அருமை தெரியும். அதுக்குன்னு உள்ள 14.6 வோல்ட் சார்ஜரையும் சேர்த்தே வாங்கணும், பழைய சார்ஜர்ல மாட்டாதீங்க.

விசைப்படகுன்னா கதை வேற. செல்ஃபுக்குத் தனி, மத்ததுக்குத் தனின்னு பேட்டரியைப் பிரிச்சிடுங்க. ஆல்டர்னேட்டர்ல (எஞ்சின் சுத்தும்போது கரண்ட் தர்ற கருவி) லித்தியத்தை நேரா கொடுத்தா ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிடலாம். நடுவுல கரண்டை அளவா விடுற டிசி டு டிசி சார்ஜர் வேணும்.

எதை வாங்கினாலும் பாசிட்டிவ் பக்கம் பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ், வெள்ளீயம் பூசின செம்பு வயர், டெர்மினல்ல வாசலின். ஏஜிஎம் எடுத்தா ஒரு மல்டிமீட்டரும் வாங்கிக்கோங்க. கரைக்கு வந்து எல்லாத்தையும் அணைச்சு ஒரு மணி நேரம் கழிச்சுப் பாருங்க. 12.2 காட்டினா பாதி தீர்ந்திருக்கு, அன்னைக்கே சார்ஜ் போட்டுடுங்க.