பனி மூடினாலும் வியாழனைக் கேட்கலாம்

கேள்வி: தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சின்னத் தொலைகாட்டி ஒன்று இருக்கிறது, ஆனால் பொழுது சாய்ந்தால் பனி மூடிவிடுகிறது. வியாழனின் நிலவொன்று கக்கும் துணிக்கைகளை ரேடியோவில் கேட்கலாமாம் என்று பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். உண்மையா? வீட்டிலுள்ள பழைய சிற்றலை ரேடியோ போதுமா? அந்தத் துணிக்கைகளால் நமக்கு ஆபத்து உண்டா?

பதில்: உண்மைதான், டீச்சர். பனியைப் பற்றிக் கவலையே வேண்டாம். நீங்கள் பிடிக்கப்போகும் அலையின் நீளம் 15 மீற்றர்; பனித்துளி அதற்கு ஒரு பொருட்டே அல்ல. தொல்லை தரப்போவது லயத்துக் கரண்ட்தான்.

ஆபத்து எதுவும் இல்லை. வியாழன் நமக்கு மிகக் கிட்ட வரும்போதே கிட்டத்தட்ட 59 கோடி கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. அந்தத் துணிக்கைகளை அதன் காந்தப்புலம் தன்னிடமே பிடித்து வைத்திருக்கிறது. அங்கே போகும் விண்கலங்களுக்குத்தான் அது பெரிய சோதனை.

பிள்ளைகள் சொன்னதில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். காதில் விழுவது துணிக்கைகள் அல்ல, அவற்றால் பிறக்கும் ரேடியோ அலை. அந்த நிலவின் பெயர் அயோ. வியாழன் ஒரு பக்கமும் யுரோப்பா, கனிமீட் என்ற நிலவுகள் மறுபக்கமும் இழுக்க, அதன் உள்ளே பிசைந்து பிசைந்து சூடேறுகிறது. அங்கே எரிமலைகள் பொங்குவதை 1979இல் வொயேஜர் 1 விண்கலம் அனுப்பிய படத்தில் லிண்டா மொராபிட்டோ கண்டுபிடித்தார். அந்த எரிமலைகள் தந்த கந்தகமும் ஒட்சிசனும் நொடிக்கு ஏறத்தாழ ஒரு தொன் அளவில் அயோவை விட்டு வெளியேறுகின்றன. வெளியேறிய அணுக்கள் இலத்திரனை இழந்து மின்னேற்றம் பெற்றவுடன் வியாழனின் காந்தப்புலம் அவற்றைத் தன்னோடு சுழற்றத் தொடங்கிவிடுகிறது. அயோவின் பாதை நெடுக அவை வளையமாகச் சேர்கின்றன. பிள்ளைகளுக்கு உழுந்து வடையைக் காட்டுங்கள்: ஓட்டைக்குள் வியாழன், வடைதான் அந்தத் துணிக்கை வளையம்.

வியாழன் தன்னைத்தானே சுற்ற 9 மணி 55 நிமிடம் போதும். அயோ ஒரு சுற்று வர 42 மணி நேரத்துக்கு மேலாகும். அதனால் வளையம் நொடிக்கு 57 கிலோமீற்றர் வேகத்தில் அயோவை முந்திக்கொண்டே ஓடுகிறது. காந்தப்புலத்துக்குள் ஒரு பொருளை இப்படி உரசிக்கொண்டு போனால் மின் பிறக்கும்; சைக்கிள் டைனமோவின் கதைதான். பல இலட்சம் அம்பியர் மின்னோட்டம் காந்தக்கோடுகள் வழியாக வியாழனின் துருவங்களுக்குப் பாய்கிறது. அங்கே சுருண்டோடும் இலத்திரன்கள் எழுப்பும் அலைதான் நம் ரேடியோவுக்கு வருகிறது, அரை மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து.

இனி ரேடியோ. உங்களுக்கு வேண்டிய மீடிறன் 18 முதல் 22 மெகாஹேர்ட்ஸ். பல பழைய பெட்டிகளில் ஊசி 18ஐத் தாண்டாது. அங்கேயே முயலலாம், 20க்குப் போனால் இன்னும் நல்லது. நிலையம் எதுவும் இல்லாத வெற்றிடத்தில் ஊசியை நிறுத்துங்கள். பெட்டியோடு வரும் இழுப்புக் கம்பி போதாது. 3.55 மீற்றர் செப்புக் கம்பி இரண்டை ஒரே கோட்டில், நடுவில் தொடாமல் கட்டி, நடுவிலிருந்து தொலைக்காட்சி அன்டெனாவுக்குப் போடும் வயரை இறக்குங்கள்: ஒரு கம்பிக்கு உள் வயர், மற்றதற்கு வெளிப்பின்னல். நிலத்திலிருந்து 3, 4 மீற்றர் உயரம் போதும். தகரக் கூரைக்கு மேலே கட்டாமல் விளையாட்டுத்திடலில் வடக்கு தெற்காகக் கட்டுங்கள். நம் நாட்டில் வியாழன் உச்சத்துக்கு வரும்போது தலைக்கு நேர்மேலிருந்து ஏறக்குறைய 30 பாகைக்குள்தான் நிற்கும். தாழக் கட்டிய கம்பி நேர் மேலேதான் நன்றாகக் கேட்கும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை.

இடி முழங்கும் பருவத்தில், பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும், அன்டெனாவைக் கழற்றியே வையுங்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் கட்டவே கூடாது. இது பிள்ளைகளின் உயிர் விஷயம்.

நள்ளிரவுக்குப் பின், விடியுமுன், வியாழன் உயர நிற்கும் மாதங்களில் உட்காருங்கள். பகலில் அயனமண்டலம், அதாவது வானில் உயரத்தில் உள்ள மின்னேறிய காற்றடுக்கு, தடித்து, பூமியின் நிலையங்களையே திருப்பித் திருப்பித் தரும். ரேடியோவை பற்றரியில் போடுங்கள். நானும் முதல் மூன்று இரவுகள் ஒரே சீரான இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் போன் சார்ஜரைக் கழற்றியதும் அது நின்றது. எல்.ஈ.டி. பல்புகளும் அப்படித்தான். தேயிலை ஸ்டோரில் மோட்டர் ஓடாத இரவாகப் பார்ப்பது நல்லது.

வந்தால் எப்படி இருக்கும்? இரண்டு விதம். ஒன்று, டர்பன்டைன் மரங்களுக்குள் காற்று ஏறி இறங்குவது போன்ற இரைச்சல், ஒரு நொடியோ சில நொடிகளோ நீளும். மற்றது, ஒரு பிடி சரளையை லயத்துத் தகரத்தில் வீசியது போல, படபடவென்று. சந்தேகம் வந்தால் இரண்டாவது ரேடியோவை மத்திய அலையில் வையுங்கள். மின்னலின் வெடிப்பு இரண்டிலும் கேட்கும். வியாழனின் மத்திய அலை நம் அயனமண்டலத்தைத் துளைக்காது. ஆகவே சிற்றலையில் மட்டும் கேட்பதுதான் உங்களுக்கு வேண்டியது. ஊசியைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள்: நிலையம் என்றால் மறைந்துவிடும், வியாழன் என்றால் அநேகமாகப் பக்கத்திலும் இருக்கும். 1955இல் அமெரிக்காவில் பேர்க்கும் ஃபிராங்ளினும் 22.2 மெகாஹேர்ட்ஸில் இதை முதன்முதல் பிடித்தபோது, பக்கத்தில் ஓடிய ஏதோ வாகனத்தின் சத்தமென்றுதான் நினைத்தார்கள்.

தொலைகாட்டியை மூட்டை கட்டிவிடாதீர்கள். 1964இல் பிக் என்பவர் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்தது இது: அயோ தன் பாதையில் குறிப்பிட்ட இடங்களுக்கு வரும்போதுதான் பலமான வெடிப்புகள் அதிகம். அதில் ஒன்று, வியாழனுக்குக் கிழக்கே அது மிக அகன்று நிற்கும் நேரம். வியாழனின் எந்தப் பக்கம் நம்மைப் பார்க்கிறது என்பதும் சேர வேண்டும், ஆகையால் ஒவ்வொரு முறையும் கேட்காது. பனி விலகும் இரவில் ஒரு பிள்ளை அயோ நிற்கும் இடத்தை வரையட்டும், ஒரு பிள்ளை ரேடியோவில் கேட்கும் நேரத்தை நிமிடக்கணக்கில் எழுதட்டும். அந்தக் கொப்பியில் இரண்டு மாதம் நிரம்பியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.