ராஸ்பெரி பைக்குக் கிராஸ் கம்பைல் செய்யும்போது சார்பு லைப்ரரிகளை எப்படிக் கையாள்வது?

உபுண்டு 22.04 நிறுவிய மடிக்கணினியில் ஆர்ம் கம்பைலர் (பையின் செயலிக்கான நிரலை மடிக்கணினியிலேயே உருவாக்கும் கிராஸ் கம்பைலர்) இருக்கிறது, சிறு நிரல்கள் கம்பைல் ஆகின்றன, ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க லைப்ரரி), புரோட்டோபஃப் (தரவைப் பரிமாற்ற வடிவத்துக்கு மாற்றும் லைப்ரரி) இரண்டையும் நம்பியிருக்கும் நிரல் மட்டும் 32 பிட் ராஸ்பெரி பைக்கு உருவாக மறுக்கிறது என்கிறீர்கள். இதே இடத்தில் இரண்டு வார இறுதிகளைத் தொலைத்தவன் நான்.

நிரல் நம்பியிருக்கும் ஒவ்வொரு சார்பையும் எடுத்துக்கொண்டு, அது எந்தக் கணினியில் இயங்கப் போகிறது என்று முதலில் பிரித்துவிடுங்கள். புரோட்டோபஃபில் இரண்டும் உண்டு: குறிமுறையை உருவாக்கித் தரும் புரோட்டோசி கம்பைல் நேரத்தில் மடிக்கணினியில் இயங்க வேண்டும், நிரலோடு இணையும் லைப்ரரியோ பையில் இயங்க வேண்டும். ஆகவே இரு செயலிக் கட்டமைப்புகளுக்கும் தனித்தனியாக, ஆனால் ஒரே பதிப்பில், அதை நிறுவ வேண்டியிருக்கும்.

பைக்கு உரிய லைப்ரரிகளுக்கு, பையிலிருந்தே லிப், யூஎஸ்ஆர் அடைவுகளை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் நகலெடுத்து ஒரு சிஸ்ரூட் (பையின் கோப்புகளைக் கம்பைலர் தேடுவதற்கான அடைவு) அமைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்த வழி. முழுப் பாதையைச் சுட்டும் சிம்லிங்குகள் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்புகள்) நகலில் மடிக்கணினியின் கோப்புகளையே காட்டும் என்பதால், அவற்றை ரிலேட்டிவ் பாதைகளாக (இணைப்பு இருக்கும் இடத்திலிருந்து தொடங்கும் பாதைகளாக) மாற்றிவிடுங்கள்.

அடுத்தது, லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்று கம்பைலுக்குச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவி; என் நேரத்தைப் பெரும்பாலும் விழுங்கியது இதுதான். பிகேஜி கான்ஃபிக் பாத் என்ற சூழல் மாறி, வழக்கமான தேடல் இடங்களோடு இன்னோர் இடத்தைச் சேர்க்கிறதே தவிர, மடிக்கணினியின் இடங்களை நீக்குவதில்லை. அவற்றை அடியோடு மாற்றுவது பிகேஜி கான்ஃபிக் லிப்டிர் என்ற மாறி. அதனுடன் பிகேஜி கான்ஃபிக் சிஸ்ரூட் டிர் என்ற மாறியையும் அமைத்தால்தான் பாதைகள் சரியாக வரும். தவறான கட்டமைப்பின் லைப்ரரி கிடைத்தால் நிரலையும் லைப்ரரிகளையும் இணைக்கும் லிங்கர் அதைப் பொருந்தாதது என்று ஒதுக்கிவிடும், ஆனால் 64 பிட் கணினிக்கான அளவுகளைப் பதித்து வைத்திருக்கும் ஹெடர் கோப்பைக் கம்பைலர் பெரும்பாலும் முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொண்டு, நிரல் பையில் இயங்கும்போது முறிந்து நிற்கச் செய்யும்.

கம்பைல் வேலையை ஒழுங்குபடுத்தும் சிமேக் கருவியைப் பயன்படுத்தினால், எந்தக் கம்பைலர், எந்த சிஸ்ரூட் என்று சொல்லும் டூல்செயின் கோப்பில் நிரல்களை சிஸ்ரூட்டுக்குள் ஒருபோதும் தேடாதே, லைப்ரரிகளையும் ஹெடர்களையும் அதற்குள் மட்டுமே தேடு என்று அமையுங்கள். மாற்றிய பிறகு பழைய பில்டு அடைவை அழித்துவிடுங்கள். பழைய விடைகள் கேஷில் தங்கியிருக்கும்.

எல்லாம் முடிந்தும், பையில் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.34 கிடைக்கவில்லை என்ற பிழை வரலாம். உபுண்டு 22.04இன் கிராஸ் கம்பைலர் ஜிலிப்சி 2.35ஐக் கொண்டுவருகிறது, பையில் டெபியன் 11ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பு இருந்தால் அங்கே இருப்பது 2.31. சிஸ்ரூட்டைக் கம்பைலர் கையாளாமல் விட்டாலும் இதுவே நேரும். அப்போது நான் டெபியன் 11 கண்டெய்னருக்குள் (மடிக்கணினியில் தனித்து இயங்கும் டெபியன் சூழலுக்குள்) கம்பைல் செய்துவிடுகிறேன்.