பாலின் புரதம் யாருடைய கணக்கில்?

வயது 71. முதியோருக்கான சத்துமா டின்னில் "ஒரு கிளாஸில் 15 கிராம் புரதம்" என்று போட்டிருக்கிறது. இரண்டு மாதமாகக் குடிக்கிறேன். படி ஏற இன்னும் கஷ்டம்தான். - வெள்ளவத்தை வாசகர்

ஐயா, நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த 15க்குப் பக்கத்தில் எறும்பு அளவில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது. பின்பக்கம் அதன் விளக்கம்: "200 மில்லிலீற்றர் பாலில் கலக்கும்போது". அந்தப் பாலிலேயே ஏறக்குறைய 7 கிராம் புரதம் உண்டு. மாவின் பங்கு 8தான். மாடு கொடுத்ததைத் தன் கணக்கில் எழுதி, அதற்கும் நம்மிடம் காசு வாங்குகிறார்கள். பல வருடமாக எனக்கு ஆத்திரம் தருகிற வேலை இது. நானும் இப்படியொரு டின்னை என் அம்மாவுக்கு வாங்கினேன். அளவுக் கரண்டி மாவுக்குள் அடியில் புதைந்திருந்ததால், முதல் கிழமை முழுக்கத் தேக்கரண்டியால் அள்ளிக் கொடுத்தேன்.

சேர்மானப் பட்டியலையும் பாருங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் வரும். உங்கள் டின்னில் முதலாவது மால்டோடெக்ஸ்ட்ரின், இரண்டாவது சீனி. அதாவது மாச்சத்தும் இனிப்பும். இரண்டு அவித்த முட்டையில் 12 கிராம் புரதம். 100 கிராம் பயறில், அவிக்க முன் நிறுத்தால், 24 கிராம். உங்கள் வயதில் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்பார்கள். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம்.

அப்புறம், குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் தசைக்குப் பலம் வராது. கிழமைக்கு 2 நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சுவரோடு ஒட்டி வைத்த கதிரையில் இருந்து, கை ஊன்றாமல் 10 தரம் எழும்பி இருந்து பாருங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கணவருக்குச் சிறுநீரகத்தில் கொஞ்சம் பிரச்சினை. வே புரோட்டீன் (பாலில் இருந்து எடுக்கும் புரதப் பவுடர்) நல்லதென்று கடைப் பையன் சொல்கிறான். - கொட்டாஞ்சேனை வாசகி

கடைப் பையன் டொக்டர் இல்லை. கிளினிக்கில் கேட்கும் வரை டின்னைத் திறக்காதீர்கள்.

முகநூலில் பாதி விலைக்குப் புரோட்டீன் வாங்கினேன். முத்திரை கிழிந்திருந்தது, இறக்குமதியாளர் விபரமும் இல்லை. கேட்டதும் என்னை முடக்கிவிட்டார்கள். - தெஹிவளை வாசகி

அம்மா, வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை, விற்றவர்தான். அதைக் குடிக்க வேண்டாம், எறியவும் வேண்டாம். டின், கூரியர் துண்டு, பணம் போட்ட பற்றுச்சீட்டு, உரையாடலின் படம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைத்துவிட்டு, எழுத்திலும் முறைப்பாடு கொடுங்கள். வாங்கி 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நாளைக்கே செய்யுங்கள்.

விலைக்கழிவில் 30 கிலோ டம்பெல் செட் வாங்கினேன். தூக்க முடியவில்லை. திருப்பி எடுப்பார்களா? - மட்டக்குளி வாசகர், 66

பொருளில் குறையில்லையே, எதற்கு எடுப்பார்கள்? கடையில் ஒரு தரம் தூக்கிப் பார்த்திருக்கலாம். வட்டுகளைக் கழற்றக்கூடிய செட் என்றால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் தண்டோடு தொடங்குங்கள். இல்லையென்றால் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றரைக் கிலோ, அது போதும். சரி, நானும் யோக்கியன் இல்லை. நின்றாலே தசை வளரும் என்று விற்ற அதிரும் பலகையொன்று என் வீட்டிலும் உண்டு. அதன் மேல் இப்போது அரிசி வாளி நிற்கிறது.

தசை வளரக் கொலாஜன் பவுடர்? - பம்பலப்பிட்டி வாசகி

வேண்டாம். அது விலங்குகளின் தோல், எலும்பில் இருந்து எடுக்கும் புரதம். தசை கட்ட உடலுக்குத் தேவையான ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலமே அதில் இல்லை, முட்டை வாங்குங்கள்.