பழைய காருக்குப் புது ஷாக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழைக்காலம் முடிந்து சாலையெல்லாம் பள்ளமாகிவிட்டதால் இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஷாக் அப்சார்பர் பற்றியவை. அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

என்னிடம் இருப்பது 2008 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல். 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே முன்பக்கம் 'டக் டக்' என்று அடிக்கிறது. நான்கு ஷாக்கும் போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா? - திண்டுக்கல் வாசகர்

கொஞ்சம் பொறுங்கள். மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் 'டக் டக்' என்று கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஷாக்கை அல்ல. ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பு), அதன் புஷ் (ரப்பர் வளையம்), லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட்டின் (முன்பக்கத்தில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுதி) தலையில் இருக்கும் மவுண்ட் ஆகியவற்றில் ஒன்று தளர்ந்திருக்கும். ஷாக் போனால் பெரும்பாலும் சத்தத்தைவிட ஆட்டம்தான் முதலில் தெரியும். வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை ஊஞ்சல் ஆடும். பிரேக் போட்டால் மூக்கு குத்தும். பாலத்து இணைப்புகளில் 70, 80 கி.மீ. வேகத்தில் போகும்போது பின்பக்கம் ஒதுங்குவது போல இருக்கும்.

டயரையும் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கையை டயரின் மேல் வைத்து முன்னும் பின்னும் தடவினால், ஷாக் செத்த வண்டியில் இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் குழிகுழியாகத் தேய்ந்திருப்பது கையிலேயே தெரியும். சக்கரம் தரையில் ஒட்டி உருளாமல் குதித்துக் குதித்து ஓடியதன் தழும்பு அது.

அடுத்து ஸ்ட்ரட்டின் ரப்பர் உறையைத் தூக்கிவிட்டு உள்ளே பாருங்கள். மேல் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) பக்கம் லேசான ஈரப்பசை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். ஷாக்குக்குள் போய்வரும் கம்பியான ராடு மேலும் கீழும் போகும்போது சீலுக்குத் தேவையான எண்ணெய் கொஞ்சம் வெளியே வரத்தான் செய்யும். உடம்பு முழுக்க எண்ணெய் வழிந்து, அதில் புழுதி ஒட்டி, பிசைந்த மாவு போலக் கறுப்பாக அப்பியிருந்தால் அந்த ஷாக் முடிந்துவிட்டது.

ஃபெண்டரை, அதாவது சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகட்டை, அழுத்தி விட்டுப் பார்க்கும் சோதனையை முழுதாக நம்பாதீர்கள். கையால் அழுத்தும் வேகம் மிகக் குறைவு. முழுக்கச் செத்த ஷாக்தான் அதில் மாட்டும். பாதி போன ஷாக் அந்தச் சோதனையில் தேறிவிடும், சாலையில்தான் காலை வாரும்.

மவுண்ட்டைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை மெதுவாக இரு பக்கமும் திருப்பட்டும். நீங்கள் சக்கர வளைவுக்குள் கையை விட்டு ஸ்பிரிங்கின் மேல் விரல் நுனியை மட்டும் வையுங்கள். சுருள்களுக்கு நடுவில் விரல் போகக் கூடாது. மவுண்ட்டில் உள்ள பேரிங் நன்றாக இருந்தால் ஸ்பிரிங் வழுக்கிக்கொண்டு சுற்றும். கெட்டிருந்தால் முறுக்கிக்கொண்டு நின்று, திடீரென்று 'டொய்ங்' என்று விடுபடும். அந்த அதிர்வு விரலில் துல்லியமாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் உங்கள் சத்தத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

ஆயில் ஷாக் வாங்குவதா, கேஸ் ஷாக் வாங்குவதா? கேஸ் என்றால் லீக் ஆகாது என்கிறார்களே? - தேனி வாசகர்

கேஸ் ஷாக்கிலும் எண்ணெய்தான் வேலை செய்கிறது. பிஸ்டனில் உள்ள சிறு துளைகள், வால்வுகள் வழியாக எண்ணெய் நெருக்கிக்கொண்டு போவதால்தான் ஆட்டம் அடங்குகிறது. அந்த ஆட்டத்தின் சக்தி சூடாக மாறி வெளியேறுகிறது. மோசமான சாலையில் தொடர்ந்து ஓடும்போது எண்ணெயில் காற்றுக் குமிழி சேர்ந்து நுரைத்துவிடும். நுரைக்கு எதிர்ப்பு கிடையாது, பிஸ்டன் சும்மா ஓடும். நைட்ரஜனை அழுத்தத்தில் நிரப்பினால் நுரைப்பது குறையும், அவ்வளவுதான். சீல் தேய்ந்தால் கேஸ் ஷாக்கும் லீக் ஆகும்.

கேஸிலும் இரண்டு வகை உண்டு. இரட்டைக் குழாய் வகையில் அழுத்தம் குறைவு. ஒற்றைக் குழாய் வகையில் அழுத்தம் 20 முதல் 30 பார் (அழுத்தத்தின் அளவு) வரை இருக்கும். ஒற்றைக் குழாயில் பிஸ்டன் வெளிச்சுவரிலேயே உரசி ஓடுகிறது. ஒரு கல் தெறித்துக் குழாய் நெளிந்தால் பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாயில் வெளிக்குழாய் கொஞ்சம் நெளிந்தாலும் உள்ளே வேலை நடக்கும். கிராமத்துச் சாலையும் ஜல்லிப் பாதையுமாக ஓடும் பழைய குடும்பக் காருக்கு எங்கள் பரிந்துரை, கம்பெனி கொடுத்த அதே கடினத்தில் உள்ள இரட்டைக் குழாய் கேஸ் ஷாக். 'ஸ்போர்ட்ஸ்', 'ஹெவி டியூட்டி' என்று எழுதியதைப் பார்த்து மயங்க வேண்டாம். பதினைந்து வருஷம் ஆன மவுண்ட்டும் புஷ்ஷும் அந்த அடியை வாங்கிக்கொண்டு முதலில் கிழியும்.

ஒரு பக்கம் மட்டும் லீக். ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா? - விருதுநகர் வாசகர்

போதாது. ஒரே அச்சில் ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வளைவிலும் அவசர பிரேக்கிலும் இரண்டு பக்கமும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். முன் ஜோடி அல்லது பின் ஜோடியாக மாற்றுங்கள். நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

கையில் பணம் குறைவாக இருந்தாலும் ஷாக்கோடு சேர்த்து வாங்க வேண்டியதை விட்டுவிடாதீர்கள்: முன்பக்கம் என்றால் மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அழுந்தும்போது மோதலைத் தாங்கும் ரப்பர்), புழுதி உறை, புது லாக் நட். உறை கிழிந்திருந்தால் மணல் ராடில் ஒட்டி, ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் சீலை அறுக்கும். பம்ப் ஸ்டாப் பொடிந்திருந்தால் பெரிய பள்ளத்தில் பிஸ்டன் அடித்தளத்தில் போய் மோதும். பழைய ரப்பரோடு புது ஷாக் போட்டால் சில மாதத்திலேயே மறுபடி அதே கடைக்குப் போக நேரும்.

கடையில் வண்டியின் பெயரைச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். மாடல் வருஷம், பெட்ரோலா டீசலா என்பதைச் சொல்லி, பார்ட் நம்பரை ஒப்பிட்டு வாங்குங்கள். டீசல் எஞ்சின் எடை கூடியது. முன் ஸ்ட்ரட்டில் இடது வலது வேறு. பிரேக் ஹோஸ் பிடிக்கும் கிளாம்ப் எந்தப் பக்கம் என்று பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். பில் இல்லாமல் வாங்க வேண்டாம்.

ரீகண்டிஷன் ஷாக் பாதி விலைக்குக் கிடைக்கிறதே? - ஈரோடு வாசகர்

வேண்டாம். சீல் வைத்து மூடிய ஷாக்கில் ஓட்டை போட்டு, ஏதோ ஓர் எண்ணெயை ஊற்றி, வெல்டிங் வைத்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்தால் பார்க்கப் புதிது போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே தேய்ந்த வால்வும், கீறல் விழுந்த ராடும், வெல்டிங் சூட்டில் வெந்த சீலும் அப்படியே இருக்கின்றன. ஊற்றிய எண்ணெயின் கெட்டித்தன்மையும் சரியாக இராது. முதல் வாரம் கல் போல இறுகும், பிறகு லீக் ஆகும். பிரேக்கும் டயரும் நம்பியிருக்கும் ஒரு பாகத்தில் இந்தச் சேமிப்பு ஆபத்து.

என்னிடம் பழைய அம்பாசிடர் இருக்கிறது. அதன் முன் ஷாக்கில் ஆயில் ஊற்றலாம் என்கிறார்களே? - பொள்ளாச்சி வாசகர்

உங்கள் வண்டியில் இருப்பது பழைய லீவர் வகையாக இருந்தால் அவர்கள் சொல்வது சரி. அது வண்டியின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு வார்ப்புப் பெட்டி, பக்கத்தில் கை போல நீளும் லீவர், மேலே எண்ணெய் ஊற்றும் மூடி. திறக்கும் முன் மூடியைச் சுற்றியுள்ள சேற்றைச் சுரண்டித் துடைத்துவிடுங்கள். ஒரு துளி மணல் உள்ளே போனாலும் வால்வு சரியாக மூடாது. அதற்கான டேம்பர் ஆயில் (ஷாக்குக்கென்றே உள்ள எண்ணெய்)தான் ஊற்ற வேண்டும். எஞ்சின் ஆயில் கெட்டி, பிரேக் ஆயில் சீலைக் கெடுக்கும். பிற்காலத்தில் வந்த நீளக் குழாய் ஷாக் என்றால் ஊற்ற வழியே இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

சிஎன்ஜி போட்ட பிறகு பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. புது ஷாக் போட்டால் தூக்குமா? ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் பஃபர் வைக்கச் சொல்கிறார்கள். - சேலம் வாசகர்

தூக்காது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அதன் ஆட்டத்தை அடக்குகிறது. 60 லிட்டர் இரும்பு சிலிண்டரும் ஸ்டாண்டும் என்றால் எந்நேரமும் டிக்கியில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது போல. சமதரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். இடது வலது 15 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

ரப்பர் பஃபர் வண்டியைத் தூக்கும், உண்மைதான். ஆனால் இரண்டு சுருள்களை அசையவிடாமல் முட்டுக் கொடுத்து, மொத்த வேலையையும் மற்றச் சுருள்களின் தலையில் கட்டுகிறது. பழைய, துருப்பிடித்த ஸ்பிரிங் அந்த அழுத்தத்தில் ஒடியலாம். சரியான புது ஸ்பிரிங் ஜோடியைப் போடுங்கள்.

ஷாக்கை நானே மாற்றலாமா? - நாகர்கோவில் வாசகர்

பின்பக்கத்தில் ஷாக் தனி, ஸ்பிரிங் தனியாக இருக்கும் வண்டியில் மாற்றலாம். முன் ஸ்ட்ரட்டை ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும் வேகத்தில் பாயும். கயிறோ கம்பியோ கட்டி அழுத்துபவரிடம் வண்டியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை நான்கைந்து உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். ஷாக்கைக் கழற்றும் முன் அச்சுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி முட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் அச்சு இறங்கி பிரேக் ஹோஸ் இழுபடும். புது ஷாக்கை நேராக நிமிர்த்திப் பிடித்து, முழுக்க இழுத்து முழுக்க அழுத்தி, நான்கைந்து முறை மெதுவாகச் செய்யுங்கள். பெட்டியில் படுத்துக் கிடந்ததில் உள்குழாயில் சேர்ந்த காற்று வெளியேறும். முதலில் நடுவில் வெற்றாக வழுக்கிய இடம் பிறகு ஒரே சீராக இறுகும். இழுக்கும்போது கடினம் கூடுதலாக இருப்பது இயல்புதான்.

ராடு சுற்றுகிறது என்று பிளையரால் அதன் பளபளப்பைக் கவ்விவிடாதீர்கள். மயிரிழைக் கீறல் போதும், சீல் அறுந்துவிடும். நுனியில் உள்ள தட்டையான பகுதியை ஸ்பேனரால் பிடித்து நட்டை இறுக்குங்கள். காற்றழுத்தத்தில் நட்டைச் சுழற்றி இறுக்கும் துப்பாக்கி வேண்டாம்.

பலர் தவறுவது கடைசி இறுக்கத்தில். புஷ்ஷின் போல்ட்டை வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போதே முழுக்க இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் அது கிழியும். சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை விழுந்த பிறகு இறுக்க வேண்டும். முன் ஸ்ட்ரட் மாற்றினால் அன்றே வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

புது ஷாக் போட்டும் கீச் கீச் என்கிறது. கிரீஸ் தடவலாமா? - மதுரை வாசகர்

சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப் பொதபொதத்துவிடும். முதலில் போல்ட் எந்த நிலையில் இறுக்கப்பட்டது என்று மேலே சொன்னபடி பார்த்து, தளர்த்தி, சக்கரம் தரையில் இருக்கும்போது மறுபடி இறுக்குங்கள். அதன் பிறகும் சத்தம் இருந்தால் சிலிக்கான் கிரீஸ் மட்டும், கொஞ்சமாக.