மகள் பிசியோதெரபி படிக்கட்டும், நகை பெட்டியிலேயே இருக்கட்டும்

கேள்வி: கரூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். சம்பளம் 31,000. மனைவி வீட்டில் தைப்பதில் மாதம் 6,000 வரும். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நீட் எழுதினாள், எம்பிபிஎஸ் கிடைக்கிற மார்க் இல்லை. என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்தவரைப் பார்த்ததிலிருந்து பிசியோதெரபிதான் படிப்பேன் என்கிறாள். கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் ஆண்டுக்கு 1.2 லட்சம், ஹாஸ்டல் 90,000 கேட்கிறார்கள். வங்கியில் 2.5 லட்சம், 14 பவுன் நகை, 2 லட்ச ரூபாய் சீட்டு (மாதம் 5,000, இன்னும் 9 மாதம் பாக்கி) இருக்கின்றன. மகன் ஒன்பதாம் வகுப்பு. நகையை வைப்பதா, சீட்டைத் தள்ளி எடுப்பதா, மொத்தத்துக்கும் கல்விக்கடன் வாங்குவதா? முடித்ததும் லண்டன் போனால் ஒரே வருஷத்தில் கடன் அடைந்துவிடும் என்கிறார் நண்பர். சொந்த கிளினிக் எப்போது வைக்கலாம் என்றும் மகள் கேட்கச் சொன்னாள்.

பதில்: ஐயா, நீங்கள் கேட்டிருப்பது எல்லாமே படிக்கும்போது ஆகிற செலவைப் பற்றி. என் கவலை, படித்து முடித்த பிறகு வரும் முதல் மூன்று வருஷத்தைப் பற்றி. பிசியோதெரபியில் குடும்பங்கள் திணறுவது அங்கேதான்.

காரணம், ஆரம்பச் சம்பளம். என்னிடம் ஆலோசனைக்கு வந்த இளம் பிசியோக்களில் பெரும்பாலானவர்கள் தனியார் மருத்துவமனையில் 15,000 ரூபாயைச் சுற்றித்தான் தொடங்கினார்கள். அரசு வேலை என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் பணி இருக்கிறது, ஆனால் அது தொகுப்பூதியம். நாலைந்து வருஷ அனுபவமும் கொஞ்சம் பெயரும் சேர்ந்த பிறகுதான் வருமானம் நிமிர்கிறது. எனக்குத் தோள்பட்டை இறுகிப்போனபோது வீட்டுக்கு வந்த தம்பி காலை ஆறு மணிக்கே ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவார். முதுகுப் பையில் வலி குறைக்க மின்துடிப்பு கொடுக்கும் ஒரு சின்ன டென்ஸ் மெஷினும் நாலு கலரில் ரப்பர் பட்டைகளும் இருக்கும். ஒன்பது மணிக்குள் நாலு வீடு, வீட்டுக்கு 500 ரூபாய், அதற்கு மேல்தான் ஆஸ்பத்திரி டியூட்டி. “சம்பளம் வாடகைக்குப் போயிடும் சார், இந்த நாலு வீடுதான் குடும்பத்தை ஓட்டுது” என்றார். அந்த நிலைக்கு வர அவருக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குக்கு வருவோம். முன்பெல்லாம் இது நாலரை வருஷப் படிப்பு. பிசியோதெரபி போன்ற இணை மருத்துவப் படிப்புகளுக்கான தேசிய ஆணையத்தின் புதிய பாடத்திட்டப்படி ஒரு வருஷ இன்டர்ன்ஷிப்போடு ஐந்து வருஷம். கட்டணம் நான்கு வருஷத்துக்கு 4.8 லட்சம், ஹாஸ்டல் ஐந்து வருஷத்துக்கு 4.5 லட்சம், புத்தகம், சீருடை, தேர்வுக் கட்டணம் என்று 50,000. ஆக 9.8 லட்சம். இன்டர்ன்ஷிப் வருஷத்துக்கும் கட்டணம் உண்டா, உதவித்தொகை தருவார்களா, பயிற்சிக்குச் சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, இந்த மூன்றையும் கல்லூரியில் கேளுங்கள். ஆஸ்பத்திரி இல்லாத கல்லூரியென்றால் உங்கள் மகள் நோயாளியைவிட பஸ்ஸைத்தான் அதிகம் பார்ப்பாள்.

மொத்தத்தையும் கடனாக வாங்கினால் 7.5 லட்சத்தைத் தாண்டிவிடும், வங்கி சொத்து அடமானம் கேட்கும். அதைக்கூடச் சமாளிக்கலாம். வட்டி 10 சதவீதம், பத்து வருஷத் தவணை என்று வைத்தால், படிப்புக் கால வட்டியைச் சேர்க்காமலே மாதத் தவணை 13,000 ரூபாயை ஒட்டி வருகிறது. 15,000 சம்பளத்தில் 13,000 தவணை. அந்தப் பெண் காலையில் டீ குடிப்பதற்கும் உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.

அதனால் கடன் 4 லட்சம் போதும். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு தவணையாக வங்கியே கல்லூரிக்குக் கட்டிவிடும். 4 லட்சம் வரை அடமானமும் வேண்டாம், உங்கள் பங்குப் பணமும் வேண்டாம். வித்யா லட்சுமி என்கிற கல்விக்கடன் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், பலர் மறப்பது இதைத்தான். 10 சதவீதத்தில் தனிவட்டி போட்டாலும் அந்த ஆறு வருஷத்தில் 1.8 லட்சம் ஏறிவிடுகிறது. கடன் 5.8 லட்சமாகி, தவணை மாதம் சுமார் 7,700.

இங்கேதான் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருஷமும் சேர்த்து வட்டியை மத்திய அரசே மானியமாகத் தருகிறது. உங்கள் இருவர் வருமானத்தையும் கூட்டிப் பார்த்தேன்: 4.44 லட்சம். விளிம்பில் நிற்கிறீர்கள், ஆனால் உள்ளேதான் நிற்கிறீர்கள். தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் மனுப் போடுங்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ அமைப்பின் அங்கீகாரம் பெற்றதா என்றும் பாருங்கள், அது இல்லாவிட்டால் மானியம் கிடைப்பது கஷ்டம். இளநிலை அல்லது முதுநிலை, ஒரு முறைதான் இந்தச் சலுகை. நடுவில் படிப்பை விட்டால் போய்விடும்.

மானியம் உறுதியானால் தவணை சுமார் 5,300-லேயே நிற்கும். அப்படியானால் படிக்கும்போது வட்டி கட்ட வேண்டாம். மானியம் இல்லையென்றால், மாதாமாதம் வட்டியை மட்டுமாவது கட்டிவிடுங்கள். முதல் வருஷம் மாதம் 830 ரூபாய், நான்காவது வருஷத்தில் 3,300. இப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் வரை குறைக்கிற வங்கிகள் உண்டு. மாணவிகளுக்கு அரை சதவீதம் குறைக்கும் பொதுத்துறை வங்கிகளும் இருக்கின்றன, கேட்டால்தான் சொல்வார்கள்.

மீதி 5.8 லட்சம் உங்கள் கையிலிருந்து. வங்கியில் இருப்பதில் 1 லட்சத்தைத் தொடாதீர்கள், அது ஆஸ்பத்திரிக்கும் வேலை போய்விட்டால் என்கிற பயத்துக்கும். மிச்சம் 1.5 லட்சம் முதல் வருஷத்தைத் தாங்கும். சீட்டைத் தள்ளி எடுக்க வேண்டாம். ஒன்பது மாதம் பொறுத்தால் கமிஷன் போக 1.9 லட்சம் முழுதாக வரும், அது இரண்டாம் வருஷத்துக்கு. பதிவு பெற்ற சீட்டுதானே? சீட்டு முடிந்ததும் அந்த 5,000 ரூபாயை அப்படியே ஆர்.டி.க்குத் திருப்புங்கள். 51 மாதத்துக்கு 2.55 லட்சம். எல்லாம் கூட்டினால் 5.95 லட்சம். 15,000 ரூபாய்தான் மிச்சம், இறுக்கமான கணக்கு. ஏறாத ஹாஸ்டல் மெஸ் பில்லை நான் இதுவரை பார்த்ததில்லை என்பதால் வருஷா வருஷம் உங்கள் சம்பள உயர்வில் பாதியை இதற்கென்று ஒதுக்குங்கள்.

நகையைத் தொடாமல் கணக்கு நிற்கிறதா, அதுதான் முக்கியம். மகள் நான்காம் வருஷத்தை முடிக்கும்போது மகன் கல்லூரி வாசலில் நிற்பான். மகளுக்கும் வேலைக்குப் போன பின் எம்பிடி என்கிற முதுநிலை பிசியோதெரபி படிக்க வேண்டிவரலாம். கல்லூரி ஆசிரியர் வேலைக்கு அது வேண்டும், நரம்பியல், குழந்தைகள் நலம், விளையாட்டு என்று ஒரு துறையில் ஆழமாகப் போகவும் அது உதவும். இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு எந்தத் துறை என்று முடிவு செய்யட்டும். 14 பவுன் அந்தக் காலத்துக்கு.

இவ்வளவும் உங்கள் தலையில் இருப்பதால் உங்கள் பெயரில் 50 லட்சத்துக்கு ஒரு டேர்ம் பாலிசி (ஆயுள் காப்பீடு) எடுங்கள். அப்புறம், கடனோடு சேர்த்து வங்கியில் விற்கிற பாலிசியின் பிரீமியத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

லண்டன் விஷயம். இங்கிலாந்தில் பிசியோவாக வேலை செய்ய அந்நாட்டு ஒழுங்குமுறை மன்றமான எச்.சி.பி.சி.யில் பதிவு வேண்டும். இங்கே படித்த பாடத்தையும் பெற்ற பயிற்சியையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஐ.ஈ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதினால் மொத்தத்தில் 7, எந்தப் பகுதியிலும் 6.5-க்குக் குறையக் கூடாது. ஏற்கெனவே பிசியோ படித்தவர்களுக்கென்று ஏஜென்டுகள் விற்கிற ஒரு வருஷ எம்எஸ்சி வேறு, இந்தப் பதிவு வேறு. அந்தப் பட்டத்தை வாங்கியதாலேயே பதிவு கிடைத்துவிடாது. இது தெரியாமல் வீட்டை அடமானம் வைத்துப் போன பையன்களை எனக்குத் தெரியும். அமெரிக்காவில் இன்னும் கடினம், அங்கே இது முனைவர் நிலைப் படிப்பு. மகள் போக ஆசைப்பட்டால் போகட்டும். முதல் வருஷத்திலிருந்தே பாடத்திட்டப் பிரதி, பயிற்சி நேரப் பதிவு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேர்க்கச் சொல்லுங்கள், பைசா செலவில்லை. லண்டன் சம்பளத்தை நம்பி இன்று ஒரு ரூபாய் கடன்கூடக் கூட்ட வேண்டாம்.

கிளினிக் பற்றி: ஒரு வாடிக்கையாளர், திறமையான பெண், படித்து முடித்த மறுவருஷமே 6 லட்சம் கடனில் முதுகெலும்பை இழுத்துவிடும் டிராக்‌ஷன் கட்டில், ஐ.எஃப்.டி. என்கிற மின்சிகிச்சை மெஷின், அல்ட்ராசவுண்ட், லேசர் எல்லாம் வாங்கிக் கிளினிக் திறந்தார். நான் போனபோது டிராக்‌ஷன் கட்டிலில் பெட்ஷீட் போர்த்தி, மேலே குழந்தையின் பள்ளிப் பை கிடந்தது. பக்கத்து அறையில் ஒரு பாட்டியைத் தரையில் உட்கார்ந்து எழப் பழக்கிக்கொண்டிருந்தார், அதுதான் அன்றைய முழு வருமானம். எந்த டாக்டருக்கும் அவரைத் தெரியாது, நோயாளிகளை யார் அனுப்புவார்கள்? உங்கள் மகள் குறைந்தது நான்கு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்து, எலும்பு, நரம்பு டாக்டர்கள் அவள் பெயரைச் சொல்லி அனுப்பத் தொடங்கிய பிறகு ஒரு கட்டில், பாய், ஆளுயரக் கண்ணாடி, பிடித்து நடக்க இரண்டு கம்பிகள் என்று ஆரம்பிக்கட்டும்.

கடைசியாக, சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும் திருச்சி அரசுக் கல்லூரியிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு, கட்டணம் கணிசமாகக் குறையும். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்வித் தேர்வுக்குழுவின் கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டிருக்கிற காலம் என்பதால் நீட் மார்க் அட்டையையும் பத்திரமாக வையுங்கள். கோவைக் கல்லூரி அதற்குள் முன்பணம் கேட்டால், அரசு இடம் கிடைத்தால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.