தாத்தா கப் ஜெயித்த குதிரை என்றால் குட்டியும் ஓடுமா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் ஊர் அந்தியூர் பக்கம். மஞ்சளும் கரும்பும் வெள்ளாமை. ஆறு வயதில் ஒரு கத்தியவார் பெட்டைக் குதிரை இருக்கிறது, போன வருஷம் ஆடிச் சந்தையில் வாங்கியது. அதைச் சினைக்குச் சேர்க்க ஒரு வெள்ளை ஆண் குதிரையைப் பார்த்து வைத்திருக்கிறேன். "இது சுத்த அரபி, டார்லி அரேபியன் வழியில் வந்தது. உலகத்துப் பந்தயக் குதிரையெல்லாம் அந்த ரத்தம்தான். இதன் தாத்தா வெளிநாட்டில் கப் வாங்கியது" என்கிறார் உரிமையாளர். சேர்க்கைக்கு 25,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? குட்டி வண்டிப் பந்தயத்துக்கு ஆகுமா?

பதில்: வணக்கம். பணத்துக்குக் கடைசியில் வருகிறேன். அவர் சொன்ன டார்லி அரேபியன் கதையை முதலில் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையைத்தான் அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு வேண்டிய பதில் மீதிப் பாதியில் இருக்கிறது.

சிரியாவின் அலெப்போ நகரில் தாமஸ் டார்லி என்ற ஆங்கிலேய வியாபாரி இருந்தார். 1703 டிசம்பரில் அவர் இங்கிலாந்திலிருந்த தம் சகோதரருக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்பா ஒரு ஆண் குதிரை கேட்டிருந்தார், ஒன்றரை வருஷத்துக்கு முன்பே ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன், வருகிற மார்ச் கடைசியில் அதற்கு நாலு வயது ஆகிறது என்று அதில் விவரம் சொல்கிறார். செம்பழுப்பு நிறம். இடது முன்காலும் பின்கால் இரண்டும் வெள்ளை. முகத்தில் அகலமான வெள்ளைப் பட்டை. நம் சந்தைக் கண்ணால் பார்த்தால், நாலு காலும் முகமும் வெள்ளையான பஞ்சகல்யாணிக்கு ஒரு கால் குறை. அரபிக் குதிரைகளில் முனிகி என்ற பிரிவைச் சேர்ந்தது என்றும் எழுதியிருக்கிறார். 1704இல் அந்தக் குதிரை யார்க்‌ஷயரில் ஆல்ட்பி பார்க் என்ற அவர்கள் குடும்பப் பண்ணைக்கு வந்து சேர்ந்தது.

அங்கே அது ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. பொலிக்குதிரையாகவே நின்றது. அதுவும் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் சொந்தப் பெட்டைகளுக்குத்தான். வெளியிலிருந்து வந்த பெட்டைகள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒன்று லியனார்ட் சில்டர்ஸ் என்பவருடைய பெட்டி லீட்ஸ். பந்தயத்தில் பேர் வாங்கிய கேர்லெஸ் என்ற குதிரையின் மகள் அது. அதற்குப் பிறந்ததுதான் ஃப்ளையிங் சில்டர்ஸ், கடைசி வரை தோற்காத குதிரை. அப்புறம் அதே தாய்க்கும் அதே தகப்பனுக்கும் இன்னொரு ஆண் குட்டி பிறந்தது. பெயர் பார்ட்லெட்ஸ் சில்டர்ஸ். அதற்கு மூக்கில் ரத்தம் வரும் கோளாறு இருந்ததால் பந்தயத்தில் இறக்கவே இல்லை.

இந்த இரண்டில் எதன் ஆண் வழி இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? ஓடாத பார்ட்லெட்ஸ் சில்டர்ஸின் வழிதான். அதன் மகன் ஸ்கர்ட். ஸ்கர்ட்டுக்குக் குளம்பு அழற்சி வந்து நடக்க முடியாமல் போய், சுட்டுவிடச் சொல்லி உத்தரவாகி, லாயக்காரர் ஒருவர் கெஞ்சிக் காப்பாற்றினார் என்று சொல்வார்கள். ஸ்கர்ட்டின் மகன் மார்ஸ்க். அதன் மகன் எக்லிப்ஸ். 1764 ஏப்ரல் 1 அன்று சூரிய கிரகணத்தின்போது பிறந்ததால் வந்த பெயர் அது. வில்லியம் வைல்ட்மன் என்ற கால்நடை வியாபாரி 75 கினி (அந்தக் கால ஆங்கிலேயத் தங்க நாணயம்) கொடுத்து அதை வாங்கினார். 1769, 1770 இரண்டே வருஷத்தில் 18 பந்தயம் ஓடி, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. இன்றைக்கு ரேஸில் ஓடுகிற தரோபிரெட் என்ற இனத்துக் குதிரைகளில் சுமார் 95 சதவீதம் ஆண் வழியில் டார்லி அரேபியனைப் போய்த் தொடுகின்றன என்றால், கிட்டத்தட்ட எல்லாமே இந்த எக்லிப்ஸ் வழியாகத்தான்.

மார்ஸ்க்கின் கதை உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. அதன் உரிமையாளரான கம்பர்லண்ட் பிரபு 1765இல் இறந்ததும் குதிரை மலிவாக விற்கப்பட்டது. நாட்டுப்புறத்துப் பெட்டைகளுக்குச் சொற்பக் கூலிக்குச் சேர்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. எக்லிப்ஸ் ஜெயிக்க ஆரம்பித்த பிறகு அதே மார்ஸ்க்கின் கூலி 100 கினி வரை ஏறியது. குதிரை மாறவில்லை, ரத்தம் மாறவில்லை. குட்டி ஓடிக் காட்டியதும் விலை மாறியது. பொலிக்குதிரைக்கு உண்மையான சான்றிதழ் அதன் குட்டிகள்தான். நீங்கள் பார்த்த குதிரைக்கு வயது என்ன, இதுவரை எத்தனை குட்டி, அவை எங்கே நிற்கின்றன? இதைக் கேட்டீர்களா? மூன்று நாலு குட்டிகளையாவது நேரில் போய்ப் பாருங்கள். வெவ்வேறு தாய்க்குப் பிறந்தும் கால் நேராக, மார்பு அகலமாக, சாந்தமாக இருந்தால் அந்தத் தகப்பனிடம் விஷயம் இருக்கிறது.

இன்னொரு கணக்கு. குட்டிக்குப் பாதி தகப்பன், பாதி தாய். குட்டியின் தகப்பனுடைய தாத்தாவிடமிருந்து குட்டிக்கு வருவது சராசரியாக எட்டில் ஒரு பங்கு. எக்லிப்ஸுக்கே இந்த ஆண் வழியில் டார்லி அரேபியனிடமிருந்து வந்தது பதினாறில் ஒரு பங்குதான். மீதியைக் கொடுத்தது வழியெல்லாம் நின்ற பெட்டைகள். கப் வாங்கிய தாத்தாவைவிட உங்கள் லாயத்தில் நிற்கிற பெட்டை நாலு மடங்கு பெரிய பங்காளி. அதன் கால், குளம்பு, மூச்சு, குணம் எப்படி? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

அவர் சொன்னதில் ஒரு முரண் இருக்கிறது, கவனித்தீர்களா? டார்லி அரேபியனின் ஆண் வழி இங்கிலாந்தில் வளர்ந்து தரோபிரெட் ஆனது. எனவே ஆண் வழியில் டார்லியின் வாரிசு என்றால் அது தரோபிரெட் அல்லது அதன் கலப்பு. சுத்த அரபி என்றால் அது டார்லி வழி இல்லை. இரண்டும் சேர்ந்து வராது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. தனக்கு விற்றவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கலாம். 2017இல் வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற ஒய் குரோமோசோமை ஆண் குதிரைகளில் பிரித்துப் பார்த்ததில், தரோபிரெட்டின் ஆண் வழி மத்திய ஆசியாவின் துர்க்மான் குதிரைகளைப் போய்ச் சேர்கிறது என்று தெரிய வந்தது. அரேபியன் என்று பெயரிலேயே உள்ள குதிரையின் கதி இது. அதேபோல 2020இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, ரேஸுக்கென்று வளர்க்கப்படும் அரபிகள் சிலவற்றில் தரோபிரெட் ரத்தம் கலந்த தடயம் இருப்பதைக் காட்டியது. "சுத்த அரபி, தாத்தா ரேஸ் குதிரை" என்ற பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, நேரில் போனால் எதைப் பார்ப்பது? வெள்ளைக் குதிரை என்றீர்கள். ஒரு வாளித் தண்ணீரும் ஈரத் துணியும் எடுத்துக்கொண்டு போங்கள். கழுத்தில் ஒரு கை அகலத்துக்கு நன்றாக நனைத்து, ரோமத்தை ஒதுக்கித் தோலைப் பாருங்கள். மூக்கு நுனி, கண் ஓரம், வால் அடி எல்லாம் பாருங்கள். வெள்ளை அரபி பிறக்கும்போது பெரும்பாலும் கறுப்பு, செவலை, பழுப்பு என்று ஏதாவது நிறத்தில் பிறந்து, வயது ஏற ஏற வெளுக்கும். ரோமம் பால் போல இருந்தாலும் அடியில் தோல் கறுப்பாகவே இருக்கும். உடம்பெல்லாம் தோல் ரோஸ் நிறம், குட்டியிலேயே வெள்ளை என்றால் அது நுக்ரா வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நுக்ரா நல்ல அழகான குதிரை, ஊர்வலத்துக்கும் கல்யாணத்துக்கும் நல்ல கிராக்கி. ஆனால் அரபிக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. தோல் கறுப்பாக இருப்பதாலேயே அரபி என்றும் ஆகிவிடாது, மற்ற இனங்களிலும் இப்படி வெளுக்கும் குதிரைகள் உண்டு. காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மாதிரி இருந்தால் மார்வாரி, கத்தியவார் ரத்தம் உள்ளே இருக்கிறது.

வாலைத் தூக்கும்போது அடியில், ஆசனவாயைச் சுற்றி, விரலால் தடவிப் பாருங்கள். பட்டாணி போல, நெல்லிக்காய் போலக் கறுப்புக் கட்டிகள் தட்டுப்பட்டால் அது மெலனோமா என்ற தோல் கட்டி. இப்படி வெளுக்கும் குதிரைகளில் 15 வயதுக்கு மேல் பெரும்பாலானவற்றுக்கு வருகிறது. மெதுவாகத்தான் வளரும், ஆனாலும் இளம் வயதிலேயே நிறையக் கட்டி இருந்தால் அந்தக் குதிரையை விட்டுவிடலாம்.

சுழி பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், அது உங்கள் நம்பிக்கை. நான் பார்க்கச் சொல்வது மைக்ரோசிப். பதிவு செய்த குதிரை என்றால் கழுத்தின் இடது பக்கம் சிப் இருக்கும். ஸ்கேனர் வைத்தால் 15 இலக்க எண் வரும். அந்த எண் அவர் காட்டுகிற பாஸ்போர்ட்டில் இருக்க வேண்டும். தரோபிரெட் என்றால் புனேயில் உள்ள ஸ்டட் புக் அமைப்பில் தாய் தகப்பன் டி.என்.ஏ. வரை பதிவு இருக்கும். சில வருஷங்களுக்கு முன் ஒருவர் என்னிடம் லேமினேட் செய்த ஏழு தலைமுறை வம்சாவளி அட்டை ஒன்றைப் பெருமையோடு காட்டினார். சிப் எண்ணைக் கேட்டேன். அட்டையில் இருந்தது ஒரு எண், குதிரையின் கழுத்தில் வந்தது வேறு எண். மனுஷர் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அந்த அட்டைக்காகவே அவர் கூடுதலாகப் பணம் கொடுத்திருந்தார்.

உண்மையிலேயே அரபி என்று உறுதியானால் அதற்கென்று ஒரு பரிசோதனை கேளுங்கள். அரபிகளில் எஸ்.சி.ஐ.டி. என்ற பரம்பரை நோய் உண்டு. குட்டி பார்க்க நன்றாகவே பிறக்கும். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி தீர்ந்ததும் சளி, காய்ச்சல் என்று ஆரம்பித்து ஐந்து மாதத்துக்குள் செத்துப்போகும். தகப்பன், தாய் இரண்டிலும் அந்த மரபணு இருந்தால்தான் நோய் வரும். அப்படி இரண்டைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. உங்கள் கத்தியவார் பெட்டையோடு சேர்ப்பதில் இந்த முறை பயம் குறைவு. ஆனால் பிறக்கிற பெட்டைக் குட்டியை நாளைக்கு அதே தகப்பனிடமோ அதன் அண்ணன் தம்பியிடமோ சேர்த்தால்தான் சிக்கல். பிடரி ரோமத்தை வேரோடு பிடுங்கி அனுப்பினால் சோதித்துச் சொல்வார்கள்.

ரத்தப் பரிசோதனையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கிளாண்டர்ஸ் என்ற குதிரை நோய் மனுஷருக்கும் தொற்றும், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். அதோடு குதிரைத் தொற்று ரத்தசோகை, ரத்தத்தில் ஒட்டுண்ணியால் வரும் சர்ரா. மூன்றும் இல்லை என்ற சமீபத்திய சான்று இல்லாத குதிரையிடம் உங்கள் பெட்டையைக் கொண்டு போகவே வேண்டாம், எந்த ரத்தமாக இருந்தாலும் சரி. உங்கள் கால்நடை மருத்துவமனையில் ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் பார்ப்பார்கள்.

வண்டிப் பந்தயத்துக்கு ஆகுமா என்றால், ஆகலாம். அரபியின் பலம் நீண்ட தூரம். தரோபிரெட் ஒன்றிரண்டு கிலோமீட்டரில் முந்தும், அரபி மூச்சு வாங்காமல் வெயிலில் போய்க்கொண்டே இருக்கும். மைல் கணக்கில் ஓடுகிற நம் வண்டிப் பந்தயத்துக்கு அந்தக் குணம் பொருந்தும். கத்தியவாரும் வெயிலுக்கும் வறட்சிக்கும் பழகிய இனம். கலப்பு கெட்டதாகப் போகாது. ஆனால் குட்டியை மூன்று வயதுக்கு முன் வண்டியில் பூட்டி ஓட விட்டால் எந்த வம்சமும் காப்பாற்றாது, முழங்கால் போய்விடும்.

தீனியிலும் கவனமாக இருங்கள். பாண்டியர் காலத்தில் அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை நம் கடற்கரையில் இறங்கியது. நம் நாட்டில் குதிரைக்குச் சோறு வடித்துக் கறியோடு கொடுக்கிறார்கள், லாடக்காரர் இல்லை, பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை, அதனால் செத்துப்போகின்றன, வருஷா வருஷம் வாங்குகிறார்கள் என்று மார்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கும் சந்தையில் வாங்கிய குதிரைக்குப் பாசத்தில் பழைய சோறும் கம்பங்கூழும் ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். ஸ்கர்ட்டைப் படுக்க வைத்த குளம்பு அழற்சி இப்படியும் வரும். 350 கிலோ பெட்டைக்கு நாளுக்கு 5 கிலோவுக்குக் குறையாமல் உலர்ந்த புல் வேண்டும். கொள்ளும் தவிடும் அதற்கு மேல், பிரித்துப் பிரித்து. சினையின் கடைசி மூன்று மாதம் கொஞ்சம் கூட்டலாம்.

இப்போது பணம். காகிதம், சிப், குட்டிகள், ரத்தச் சான்று நாலும் சரியாக இருந்தால் 25,000 கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் மொத்தமாக முன்னால் கொடுக்காதீர்கள். சேர்க்கும் அன்று பாதி, குட்டி உயிரோடு பிறந்து எழுந்து நின்று பால் குடித்த பிறகு பாதி, சினை நிற்காவிட்டால் அடுத்த பருவத்துக்கு இலவசம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தன் குதிரையில் நம்பிக்கை உள்ளவர் ஒத்துக்கொள்வார். காகிதம் இல்லாமல் குதிரையும் குட்டிகளும் மட்டும் நன்றாக இருந்தால், உங்கள் ஊர்ப் பக்கம் நல்ல கத்தியவார் ஆண் குதிரைக்கு என்ன கூலியோ அதையே பேசுங்கள்.

சேர்ப்பதைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பகல் நீளும்போதுதான் பெட்டைக்குப் பருவம் ஒழுங்காக வரும். 21 நாளுக்கு ஒரு முறை வந்து ஐந்தாறு நாள் நிற்கும், அதில் கடைசி இரண்டு நாளில்தான் கரு நிற்கிற வாய்ப்பு. சினைக்காலம் பதினோரு மாதம். கார்த்திகை, மார்கழியில் சேர்த்தால் குட்டி சரியாக அடைமழையில் வந்து விழும். தை முதல் பங்குனிக்குள் சேர்த்தால் மார்கழி முதல் மாசிக்குள் பிறக்கும், லாயத் தரையும் காய்ந்திருக்கும். அதற்குள் பெட்டைக்கு டெட்டனஸ் ஊசியும் குடற்புழு மருந்தும் கொடுத்து, அது நேராக நிற்கும்போது நாலு காலும் குளம்பும் தெரிகிற மாதிரி இரண்டு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.